நிரல் எழுதுவோரிடம் கேட்ட கேள்விகள்



பால்மரம் வெட்டத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வேறொரு தோட்டத்திலிருந்து ஒருவர் வேலை கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு உண்மையிலேயே வேலை தெரியுமா என்று அறியக் கங்காணிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? உளியைக் கையில் கொடுத்து ஒரு மரத்தைக் காட்டினால் போதும். பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறார், வெட்டுக்கோடு சரிவு மாறாமல் இறங்குகிறதா, உளி ஆழமாகப் பாய்ந்து மரத்தில் காயம் படுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அவர் கணக்குப் பாடத்தில் எத்தனை புள்ளிகள் வாங்கினார் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

ஆனால், கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று இருந்தால், அதற்கு ஆள் எடுப்பது எப்படி? கணினிக்கு நிரல் எழுதும் வேலை அப்படிப்பட்டது. நிரல் என்பது வேறொன்றுமில்லை. இதைச் செய், அதன்பின் இதைச் செய், இப்படி நேர்ந்தால் அதைச் செய் என்று கணினிக்கு நாம் வரிசையாக எழுதித் தரும் கட்டளைகளே அது. சம்பளக் கணக்குப் போடுவதும், வங்கிப் பணத்தைக் கணக்கில் வைப்பதும், கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவதும் அந்தக் கட்டளைகளால்தான் நடைபெறுகின்றன. இந்த வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலும் உண்டு. படித்து முடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, பட்டணத்திற்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். அங்கே அவர்களிடம் என்ன கேட்கிறார்கள்? அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன? அவற்றில் நியாயமானது எது, நியாயமற்றது எது? இவற்றைத்தான் இன்றைய உரையில் காணவிருக்கிறோம்.

முதலில் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு சிறு கணக்கு. ஒரு நிரையில் 100 மரங்கள் நிற்கின்றன. நீங்கள் முதல் மரத்திலிருந்து எண்ணிக்கொண்டே நடக்கிறீர்கள். ஒவ்வொரு மூன்றாவது மரத்திலும் எண்ணைச் சொல்லாமல் 'பிஸ்' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஐந்தாவது மரத்திலும் 'பஸ்' என்று சொல்ல வேண்டும். இது நாம் ஏறிப் போகும் பஸ் அன்று. வண்டு ரீங்காரமிடும் ஓசை. மூன்றும் ஐந்தும் ஒன்றாக வந்து விழும் மரத்தில் 'பிஸ்பஸ்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்ற மரங்களில் எண்ணை மட்டும் சொன்னால் போதும். இது ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டு. இதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1945ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், இராணுவத்துக்காக எனியாக் என்னும் மாபெரும் மின்னணுக் கணினியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 30 டன் எடையும் கொண்ட இயந்திரம் அது. பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்பதைக் கணிக்கும் வேலையை அதுவரை மனிதர்களே செய்து வந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 'கம்பியூட்டர்' என்ற சொல் அப்போது இயந்திரத்துக்குரிய பெயரன்று. கணக்குப் போடும் அந்தப் பெண்களின் பதவிப் பெயர்! அவர்களிலிருந்து ஆறு பேரைப் புதிய இயந்திரத்துக்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த அறுவரில் ஒருவர் ஜீன் ஜென்னிங்ஸ். மிசௌரி மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில், பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். வயது 20. அவரை நேர்முகம் கண்டவர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் கணித அறிஞர். மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்பதே அவர் கேட்ட கேள்வி. ஜென்னிங்ஸ் தாம் பௌதிகம் படித்ததையும் அதில் கற்ற விதியையும் சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்கவில்லை, மின்சாரம் என்றால் உனக்குப் பயமா என்றுதான் கேட்கிறேன் என்றாராம் கோல்ட்ஸ்டைன். பிற்காலத்தில் ஜென்னிங்ஸ் இதைத் தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால், அது அந்த வேலையிலிருந்தே பிறந்த கேள்வி. எனியாக்கிற்கு நிரல் அமைப்பதென்றால், கம்பிகளைப் பிடுங்கிச் சொருக வேண்டும். ஆயிரக்கணக்கான விசைகளைத் திருப்ப வேண்டும். மின்சாரத்துக்கு அஞ்சுபவரால் அங்கே நிற்க முடியாது. வழிகாட்டி நூல் எதுவும் இல்லாமல், இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே அந்த ஆறு பெண்களும் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். மனிதர் நாள் கணக்கில் போட்ட கணக்கை அரை நிமிடத்திற்குள் போட வைத்தார்கள். 1946 பிப்ரவரியில் இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டபோது அவர்களுடைய பெயர்களை யாரும் சொல்லவில்லை என்பது தனிக்கதை.

அடுத்த பத்தாண்டுகளில் கணினிகள் பெருகின. ஆட்கள் தேவைப்பட்டார்கள். அமெரிக்காவின் முதல் கணினியியல் துறை பர்டியூ பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டதே 1962இல்தான். ஆகவே, 1950களில் கணினிப் பட்டம் பெற்றவர் என்று ஒருவரைத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார். யாரை எடுப்பது? அந்நிலையில் 1955ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் ஒரு தாள் தேர்வை உருவாக்கியது. அதில் மூன்று பகுதிகள். ஒன்று எண்வரிசை, 2, 5, 8, 11 என்று போனால் அடுத்தது என்ன என்பது போன்றது. இன்னொன்று உருவங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்றாவது பள்ளிக்கூடத்து வாய்க்கணக்குப் போன்ற கணக்குகள். ஓர் அறையில் ஐம்பது பேரை உட்காரவைத்து, ஒரு மணி நேரத்தில் தேர்வை முடித்து, அன்று மாலையே புள்ளிகள் போட்டுவிடலாம். நிறுவனங்களுக்கு இது மிகவும் பிடித்துப் போனது. 1960களின் தொடக்கத்தில் நிரலர்களை வேலைக்கு எடுத்த அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலானவை இத்தகைய திறனறித் தேர்வைப் பயன்படுத்தின.

இதில் குறை என்ன? தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் பயிற்சி வகுப்பிலும் ஓரளவு நன்றாகச் செய்தார்கள். ஆனால் வேலையில் அமர்ந்தபின் மேலாளர் தரும் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், தொடர்பு மிக மெலிந்ததாக இருந்தது. அதாவது, அந்தத் தேர்வு நல்ல மாணவரைக் கண்டுபிடித்தது. நல்ல வேலைக்காரரைக் கண்டுபிடிக்கவில்லை. தேர்வுத் தாளின் விடைகள் ஆண்கள் மட்டுமே கூடும் மன்றங்கள் வழியாகக் கைமாறின என்றும், இதனால் பெண்கள் பின்தங்கினர் என்றும் கணினித் துறை வரலாற்றை ஆராய்ந்த நேதன் என்ஸ்மெங்கர் எழுதியிருக்கிறார். கேள்வித்தாள் முன்கூட்டியே யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்பது எங்கும் பழைய கதைதானே.

1966இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்னும் இரு உளவியலாளர்கள் 1,378 நிரலர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெண்கள் 186 பேரே. நிரலருக்குப் புதிர்களில் விருப்பம் அதிகம், மனிதர்களோடு பழகுவதில் விருப்பம் குறைவு என்று அவ்விருவரும் முடிவு கூறினர். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை அளந்துவிட்டு, இனி வருபவர்களும் இப்படியே இருக்க வேண்டும் என்று சொல்வது எவ்வகை நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை. ஒரு தோட்டத்தில் மரம் வெட்டுபவர் எல்லாரும் வெற்றிலை போடுகிறார்கள் என்பதற்காக, வெற்றிலை போடுபவர்தான் நன்றாக மரம் வெட்டுவார் என்று சொல்ல முடியுமா?

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஓர் அம்மையார் வேறு வழியில் சென்றார். ஸ்டெபனி ஷர்லி என்பது அவர் பெயர். 1962இல் அவர் தொடங்கிய நிறுவனம், திருமணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் வேலையை விட்டுச் சென்ற பெண் நிரலர்களைத் தேடிப் பிடித்தது. அவர்கள் வீட்டிலிருந்தபடியே தாளிலும் பென்சிலிலும் நிரல் எழுதித் தந்தார்கள். முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். கடிதத்தில் 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்திட்ட பிறகே வாடிக்கையாளர்கள் பதில் எழுதினார்களாம். தொலைபேசியில் பேசும்போது குழந்தை அழும் சத்தம் கேளாமல் இருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிடுவாராம். கான்கோர்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியவர்கள் அந்தப் பெண்களே.

நேயர்களே, இப்போது கணினியை விட்டு ஓர் அனல் மின்நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. காரணம், வேலைக்கு எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டம் பதில் சொன்னது அங்கே நடந்த ஒரு வழக்கில்தான். அதைத் தொடுத்தவர்கள் தொழிலாளர்கள்.

வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்னும் மின்சார நிறுவனம் நடத்திய நிலையம் அது. அங்கே 95 தொழிலாளர்கள். அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். அந்த 14 பேரையும் நெடுங்காலம் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவரும், மற்றப் பிரிவுகளில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரைவிடக் குறைவாகவே வாங்கினார். இன வேறுபாடு பார்த்து வேலை தருவதைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர வேண்டுமானால், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும். கூலிப் பிரிவிலிருந்து மேலே போகவும் சான்றிதழோ தேர்ச்சியோ வேண்டும். தாளில் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால் 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்த மாநிலத்து வெள்ளை ஆண்களில் 34 விழுக்காட்டினரும் கறுப்பின ஆண்களில் 12 விழுக்காட்டினரும்தான் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விதி வருவதற்கு முன்பே நல்ல பிரிவுகளில் சேர்ந்துவிட்ட வெள்ளைத் தொழிலாளர்களில் பலரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. இருந்தும் அவர்கள் வேலையைக் குறைவின்றிச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

வில்லி கிரிக்ஸ் உட்பட 13 தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்களில் முழு வெற்றி கிட்டவில்லை. 1971 மார்ச் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இதுதான்: ஓர் இனத்தவரை வெளியே நிறுத்திவிடும் தேர்வு எதுவாயினும், அதற்கும் செய்யப்போகும் வேலைக்கும் உள்ள தொடர்பை முதலாளி காட்டியாக வேண்டும். வஞ்சக எண்ணம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த மனிதர் எந்த வேலைக்கு வந்தாரோ அந்த வேலைக்கு ஏற்றவரா என்று அளக்க வேண்டுமேயன்றி, பொதுவாக அவர் எப்படிப்பட்ட ஆள் என்று அளக்கக் கூடாது.

கூலிப் பிரிவில் நின்ற 13 பேர் பெற்றுத் தந்த இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னர் வந்த நிரலர் தேர்வுகளைப் பார்ப்போம்.

1990களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுகள் புதிர்களுக்குப் பேர்போனவை. சாலையில் இருக்கும் சாக்கடைக் குழியின் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் குழிக்குள் விழாது. சதுர மூடி மூலைவாட்டில் விழுந்துவிடும். நல்ல விடைதான். இப்போது நீங்களும் தெரிந்துகொண்டீர்கள். இனி யார் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். அதனால் உங்களுக்கு நிரல் எழுத வருமா? 2013இல் கூகுள் நிறுவனத்தின் பணியாளர் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், இத்தகைய புதிர்களால் எதையும் கணிக்க முடியவில்லை, கேட்பவருக்குத் தாம் கெட்டிக்காரர் என்ற எண்ணம் உண்டாவதே மிச்சம் என்ற கருத்தை நியூயார்க் டைம்ஸ் நாளேட்டிடம் வெளிப்படையாகக் கூறினார்.

புதிர்களின் இடத்தை நிரல் கேள்விகள் பிடித்துக்கொண்டன. வெண்பலகையின் முன் நிற்க வைத்து, கையில் பேனாவைக் கொடுத்து, எழுது என்பார்கள். இது முன்னேற்றம்தான், உளியைக் கையில் கொடுப்பது போன்றது. ஆனால் எந்த மரத்தைக் காட்டுவது என்பதில் மீண்டும் கோளாறு. பாடப்புத்தகத்தில் மட்டும் காணப்படும் அரிய கணக்குகளைக் கேட்கத் தொடங்கினார்கள். அவற்றுக்கென்றே பயிற்சி நூல்கள் வந்தன. கேல் லாக்மன் மெக்டவல் எழுதி 2008இல் வெளிவந்த நூல் அவற்றுள் பெயர் பெற்றது. மாதக் கணக்கில் உட்கார்ந்து பயிற்சி செய்தவர் தேறினார். பகலில் வேலைக்குப் போய், இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த மாதங்கள் எங்கே கிடைக்கும்?

2015இல் மேக்ஸ் ஹவெல் என்பவர் எழுதிய சில வரிகள் இத்துறையில் பெரும் விவாதத்தைக் கிளப்பின. ஹோம்புரூ என்னும் மென்பொருளை உருவாக்கியவர் அவர். கூகுளின் பொறியாளர்களில் 90 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டே, ஒரு கிளைப்படத்தை இடம் வலமாக மாற்றும் நிரலைப் பலகையில் எழுதவில்லை என்பதற்காகத் தம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவர் குமுறியிருந்தார். பின்னர் அவரே, அடிப்படைக் கணினியியலில் தமக்குக் குறை உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டு எழுதினார். இரண்டையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கு நடந்த அதே வட கரோலினாவின் மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து செய்தவை. 48 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் கேள்வி கேட்பவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டுப் பேசிக்கொண்டே எழுத வேண்டும். மற்றவர்கள் தனியறையில், யாரும் பாராமல் எழுதலாம். கேள்வி ஒரே தரந்தான். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழாக இறங்கிவிட்டது! முன்னால் நின்று எழுதிய பெண்கள் எல்லாரும் தவறினார்கள். தனியறையில் எழுதிய பெண்கள் எல்லாரும் தேறினார்கள். பெண்களின் எண்ணிக்கை சிறியதாகையால் இதைக் கொண்டு பெரிய முடிவு கட்ட முடியாது. ஆனாலும், வீட்டில் கடகடவென்று செய்யும் பிள்ளை அங்கே போய் வாயடைத்து நின்றால், படிக்கவில்லை என்று ஏசுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் நல்ல கேள்வி எப்படியிருக்கும்? ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துப் பார்ப்போம். தோட்டத்து ஸ்டோரில் ஒவ்வொரு நாளும் பால் நிறுத்து, பெயருக்கு எதிரே எடையை எழுதுகிறார்கள். ஒரு மாதத்து ஏட்டைக் கொடுத்து, ஒவ்வொருவரும் மொத்தம் எத்தனை கிலோ கொண்டுவந்தார் என்று கணினி சொல்லும்படி நிரல் எழுதச் சொல்கிறோம். இதற்குப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். கூட்டல்தான். முனியம்மா என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தால்? பெயரைக் கொண்டு கூட்டிய நிரல் இருவரின் பாலையும் ஒருவர் கணக்கில் சேர்த்துவிடும். பதினைந்தாம் நாள் ஒருவருக்கு எதிரே ஒன்றுமே எழுதப்படவில்லை என்றால்? மழையால் வெட்டு இல்லையா, அவர் வரவில்லையா, கிராணி எழுத மறந்தாரா? சுழியம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே, நல்ல நிரலர் உடனே எழுத மாட்டார். வெற்றிடத்துக்கு என்ன பொருள் என்று நம்மையே திருப்பிக் கேட்பார். அந்தத் திருப்பிக் கேட்கும் குணத்தைத்தான் நாம் தேடுகிறோம். விடையை மனப்பாடம் செய்தவரிடம் அது வெளிப்படாது. பெரிய கல்லூரியில் படிக்காதவரிடம்கூட அது வெளிப்படும்.

இப்படி வேலையின் ஒரு சிறு துண்டையே கேள்வியாகக் கொடுப்பதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்னும் இரு அறிஞர்கள் 85 ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, செய்து காட்டும் தேர்வே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று கண்டார்கள். 2022இல் சாக்கெட் என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் அந்தக் கணக்கைத் திருத்திப் பார்த்தார்கள். பெரும்பாலான முறைகளின் மதிப்பு சற்று இறங்கியது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதி வைத்த அளவின்படி புள்ளிகள் தரும் நேர்முகத் தேர்வு முதலிடத்துக்கு வந்தது. ஒருவரிடம் ஊர்க்கதை பேசிவிட்டு இன்னொருவரிடம் கடினக் கணக்கு கேட்டால், அது தேர்வாகாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தபின், பழைய கேள்விகள் பலவற்றுக்கு இயந்திரமே நொடியில் விடை எழுதிவிடுகிறது. அதனால் சில நிறுவனங்கள் தவறுள்ள ஒரு நிரலைக் கையில் கொடுத்து, பிழை எங்கே இருக்கிறது, ஏன் வந்தது என்று விளக்கச் சொல்கின்றன.

இனி நம்முடைய நூறு மரங்கள். 2007இல் இம்ரான் கோரி என்பவர், வேலைக்கு வருவோரிடம் இந்த விளையாட்டை நிரலாக எழுதச் சொன்னார். பட்டம் பெற்றவர்களிலேயே பலர் இதில் தடுமாறினார்கள் என்று அவர் எழுதியது உலகெங்கும் பரவியது. இதில் தந்திரம் ஒன்றுமில்லை. எண்ணைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிகிறதா என்பதை மட்டும் சோதிக்கிறது. வீட்டில் எண்ணிப் பார்த்திருப்பீர்கள்: பிஸ்பஸ் 6 மரங்கள், பிஸ் மட்டும் 27, பஸ் மட்டும் 14, எண் சொல்லும் மரங்கள் 53. பலரும் தவறுவது பதினைந்தாவது மரத்தில். மூன்றால் வகுபடுகிறதா என்று முதலில் பார்த்து, 'பிஸ்' என்று சொல்லிவிட்டு, அடுத்த மரத்துக்கு நடந்துவிடுகிறார்கள். இரண்டாலும் சேர்ந்து வகுபடுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நல்ல தேர்வாளராக இருந்தால், அந்த மரத்துக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை பார் என்பார். தம் தவற்றைத் தாமே கண்டுபிடித்தவருக்கும் புள்ளிகள் உண்டு.